பாட்டி காத்த பெயர்



தஞ்சோங் மாலிமில் வாழ்ந்து மறைந்த என் பாட்டி பள்ளிக்கூடம் அறியாதவர். 1943-இல் ஜப்பானியர் தாத்தாவைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டு சென்றனர். அவர் திரும்பவில்லை. பாட்டி மரவள்ளி நட்டு, கிழங்கை அவித்துக் கொடுத்தே கைக்குழந்தையை வளர்த்தார்.

415 கிலோமீட்டர் நீளமான அப்பாதையில் நம்மவர் பல்லாயிரவர் மாண்டனர். போர்க் கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம் தோட்டத் தொழிலாளருக்கு அவ்வாறில்லை. பாட்டியோ தீபாவளிதோறும் இலை போட்டுப் படைத்து, தாத்தாவின் பெயரையும் ஊரையும் எங்களைச் சொல்ல வைப்பார். அதனால்தான் அப்பெயர் எங்களிடம் நிலைத்தது.

பெற்றோர்களே, உங்கள் வீட்டு முதியோரிடமும் இத்தகைய பெயர்கள் இருக்கும். இன்றிரவே கேளுங்கள். பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் பிள்ளைகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.