முதலில் பாதை, பின்னர்ச் சீட்டு

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)

 

விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மழையையும் கொசுக்கடியையும் பொறுத்து, பால்மரம் சீவிச் சேர்த்த பணத்தைக் கொண்டு ஒரு முறையேனும் தமிழகம் சென்று வரவேண்டும், தில்லையையும் தஞ்சையையும் மதுரையையும் இராமேசுவரத்தையும் கண்குளிரக் காணவேண்டும் என்னும் ஆவல் நம்மில் பலருக்கு உண்டு. விமானச் சீட்டைப் பத்து இடங்களில் விசாரித்து வாங்கும் நாம், அங்கு இறங்கிய பின் ஊர் ஊராகச் செல்வதற்குரிய இரயில் சீட்டைப் பற்றி முன்கூட்டியே எண்ணுவதில்லை. அதைக் குறித்தே இன்று சில சொற்கள் கூற விழைகின்றேன்.

என் சொந்த அனுபவம் ஒன்றை முதலில் சொல்கின்றேன். என் தந்தையாரும் உங்களைப் போன்று மரம் சீவியே எங்களை ஆளாக்கியவர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரை இந்தியாவுக்கு அழைத்துச் சென்றேன். இந்திய இரயில்வே அந்நாளில் வெளிநாட்டுப் பயணிகளுக்கென ‘இந்த்ரெயில் பாஸ்’ என்பதை விற்று வந்தது. அமெரிக்க டாலர் கணக்கில் விலை கொடுத்து வாங்கிவிட்டால், குறித்த நாள்களுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் பயணம் செய்யலாம். நான் 15 நாள் பாஸ் இரண்டு வாங்கினேன்.

புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள சிற்றூரில் தந்தையாரின் தமக்கையார் இருந்தார். பல்லாண்டுகள் கழித்துச் சந்தித்த இருவரும் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டே இருந்தனர். “இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாமா, தம்பி?” என்று தந்தையார் கேட்டார். “பாஸ் வீணாகிவிடும், அப்பா” என்று கூறி அவரை வடநாட்டு நகரங்களுக்கு அழைத்துச் சென்றேன். மறு ஆண்டு அத்தையார் காலமானார். தந்தையார் மீண்டும் அவ்வூருக்குச் செல்லவேயில்லை. பாஸின் பயன் முழுவதையும் பெற்றேன். பயணத்தின் பயனை இழந்தேன். சீட்டுக்காகப் பயணம் அன்று, பயணத்துக்காகவே சீட்டு என்பதை அன்று நான் உணரவில்லை.

அந்தப் பாஸ் இப்போது விற்பனையில் இல்லை. ஆகவே, அதைக் கூறி எவரேனும் பணம் கேட்டால் ஏமாந்துவிடாதீர்கள். இன்று நம் முன் இருக்கும் வழிகள் மூன்று.

முதலாவது, சுற்றுப் பயணச் சீட்டு. புறப்பட்ட நிலையத்துக்கே திரும்பி வந்து சேரும் பயணத்துக்கு இது வழங்கப்படுகிறது. இடையில் 8 ஊர்கள் வரையில் இறங்கித் தங்கலாம். சென்னையில் புறப்பட்டு, சிதம்பரம், கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, மதுரை வழியாக இராமேசுவரம் சென்று, மானாமதுரை, புதுக்கோட்டை, திருச்சி, விருத்தாசலம் வழியாகச் சென்னைக்குத் திரும்பினால் அது ஓர் அழகிய வட்டம். தூரம் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர்.

இதில் இலாபம் எவ்வாறு வருகிறது? இரயில் கட்டணத்தில், தூரம் கூடக்கூடக் கிலோமீட்டருக்குரிய வீதம் குறைந்துகொண்டே போகும். துண்டு துண்டாக ஆறு சீட்டுகள் வாங்குவதைவிட நீண்ட தூரத்துக்கு ஒரே சீட்டு வாங்குவது மலிவு. ஆயினும், இதற்குப் பெரிய நிலையத்தில் பயணத் திட்டத்தை எழுதிக் கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும். சீட்டுக் கிடைத்த பின்பும் ஒவ்வொரு கட்டத்துக்கும் படுக்கை இடத்தைத் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும். காசியும் இராமேசுவரமும் சேர்த்துப் பல வாரம் செல்வோருக்கு இது மிகவும் ஏற்றது. பத்து நாள் விடுப்பில் செல்வோருக்கோ, மிச்சமாகும் பணத்தைவிட அலைச்சலே மிகுதியாகும்.

இரண்டாவது, நெடுந்தூரச் சாதாரணச் சீட்டு. 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சீட்டு வைத்திருப்பவர், முதல் 500 கிலோமீட்டரைக் கடந்த பின் ஓர் ஊரில் இறங்கி இரண்டு நாள் தங்கி, அதே சீட்டில் பயணத்தைத் தொடரலாம். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்வோர் திருநெல்வேலியில் இறங்கித் திருச்செந்தூர் முருகனைத் தரிசிக்க இது உதவும். மதுரை 500 கிலோமீட்டருக்குச் சற்றே உட்பட்டது. ஆகவே, அங்கு இறங்க இச்சலுகை உதவாது.

மூன்றாவது, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிச் சீட்டு. குறுகிய விடுப்பில் நாலைந்து ஊர்களைக் காணச் செல்லும் குடும்பத்துக்கு இதுவே நிம்மதி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: விரைவு வண்டியின் சாதாரணப் படுக்கை வகுப்புக்குக் குறைந்தது 200 கிலோமீட்டருக்குரிய கட்டணம் வாங்கப்படும். மதுரையிலிருந்து இராமேசுவரம் 161 கிலோமீட்டரே. பகற்பொழுதில் அமர்ந்து செல்லும் இரண்டாம் வகுப்பில் சென்றால் செலவு குறையும். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின் மீது செல்லும்போது கடலையும் கண்ணாரக் காணலாம்.

எச்சரிக்கையாக மேலும் சில செய்திகள். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. முன்பு சென்று வந்தோர் கூறும் கணக்கை நம்பிப் பணத்தை அளவாக எடுத்துச் செல்லாதீர்கள். 5 வயது நிறைந்து 12 வயது நிறையாத பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டுமாயின் முழுக் கட்டணம். வேண்டாவிடில் பாதிக் கட்டணம். பொது முன்பதிவு, 2024 நவம்பர் முதல், பயணத்துக்கு 60 நாள் முன்னரே தொடங்குகிறது. பொங்கல், தீபாவளிக் காலங்களில் இடங்கள் விரைவில் நிரம்பிவிடும். காத்திருப்போர் பட்டியலில் உள்ள சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு முதியவர்களை இரவு வண்டிக்கு அழைத்துச் செல்லாதீர்கள்.

ஆகவே, பணம் கட்டுவதற்கு முன்னர் ஓர் இரவு குடும்பத்தார் அனைவரும் ஒன்றாக அமருங்கள். பிள்ளைகளின் பள்ளி ஏட்டிலிருந்து ஒரு தாள் எடுத்து, செல்லவேண்டிய ஊர்களை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அங்கு எத்தனை நாள் தங்க மனம் விரும்புகிறது என்பதை எழுதுங்கள். வீட்டுப் பெரியவர்களை முதலில் கேளுங்கள். அவர்கள் சொல்லும் நாள்களைக் குறைக்காதீர்கள். அதன் பின்னரே எந்தச் சீட்டு ஏற்றது என்று கணக்குப் பாருங்கள்.

திண்ணையில் அமர்ந்து பேச ஆசைப்படும் தந்தைக்கு, அந்த இரண்டு நாளை உங்கள் சீட்டு பறித்துவிடாதிருக்கட்டும்.