கற்பித்தலால் தழைத்த கலை



மண்ணைக் கலையாக்கிய மரியா மார்ட்டினெஸ் அம்மையாரைப் பற்றி இன்று நாம் பேச விழைகின்றோம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், சான் இல்டிஃபோன்சோ என்னும் பழங்குடியினர் சிற்றூரில் பிறந்தவர் அவர். சக்கரமின்றி, களிமண்ணைத் திரித்துச் சுற்றிச் சுற்றி அடுக்கிக் கலம் செய்வது அவ்வூர் மரபு. 1907-ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வில் கிடைத்த பழைய ஓட்டுச் சில்லுகளைக் காட்டி, அவைபோற் செய்து தருமாறு ஆய்வாளர் எட்கர் ஹியூவெட் அவரை வேண்டினார். கணவர் ஜூலியனுடன் அவர் பன்முறை முயன்றார். எரியும் நெருப்பின்மேல் பொடித்த சாணத்தைக் கொட்டிக் காற்றை அடைத்தால், புகையின் கரி ஏறிச் செம்மண் கலம் கருமையுறும். 1919-ஆம் ஆண்டளவில் பளபளக்கும் கருமையின்மேல் மங்கிய கருமையில் சித்திரம் தீட்டும் முறையும் கைவந்தது. புகழ் பெருகியது.

அந்நுட்பத்தை அம்மையார் தம் வீட்டிற்குள் பூட்டி வைக்கவில்லை. சகோதரியர்க்கும் ஊராருக்கும் கற்பித்தார். விளைநிலம் போதாதிருந்த அவ்வூருக்கு மண்கலமே பிழைப்பாயிற்று. 1943-இல் ஜூலியன் மறைந்தபின் மருமகள் சாந்தானாவும், பின்னர் மகன் போபோவி டாவும் சித்திரம் தீட்டினர். 1980-இல் அம்மையார் மறைந்தார், கலை மறையவில்லை.

இளைஞர்களே! இச்சங்கத்தின் துணையால் நாம் பட்டம் பெற்றோம், பணியும் பெற்றோம். நம் தெருவில் எழுத்துக்கூட்டித் தடுமாறும் சிறுவன் இன்றும் இருக்கின்றான். வாரத்தில் ஒரு மாலையேனும் அவனருகில் அமர்வோம்.