கூழும் காற்றும் யாருக்குச் சொந்தம்?

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சுநடை ஆங்காங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



'அன்றாட வாழ்வில் மகிழ்ச்சி' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் உள்ளே வரும்போதே ஒரு தம்பி கேட்டார்: "வன்கொடுமை, பஞ்சமி நிலம், இட ஒதுக்கீடுன்னு பேச வேண்டியது எவ்வளவோ கெடக்கு. இதுல சந்தோஷத்தப் பத்தி என்னண்ணே பேசப் போறீங்க?" நியாயமான கேள்விதான். அவர் சொன்ன எல்லாமே இந்தத் தலைப்புக்குள்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கேட்டுவிட்டு அவரே முடிவு செய்யட்டும்.

மகிழ்ச்சிக்கு வழி சொல்ல நாட்டில் ஆளா இல்லை? டாக்டர் சொல்கிறார், சாமியார் சொல்கிறார், வாரப் பத்திரிகை சொல்கிறது. விடியற்காலையில் எழுந்து நட. எளிய உணவு சாப்பிடு. திறந்த வெளியில் காற்று வாங்கு. மரத்தடியில் உட்கார். இதில் எதை நம் ஆட்கள் செய்யாமல் விட்டார்கள்? என் அம்மா விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து நடந்தார், மூன்று மைல் தள்ளியிருந்த கழனிக்கு, நாற்று நட. சாப்பிட்டது கேழ்வரகுக் கூழ். நாள் முழுக்கத் திறந்த வெளி. உட்கார்ந்தது புளியமரத்தடி, அதுவும் ஆண்டை அந்தப் பக்கம் போன பிறகு. இவர்கள் பட்டியல்படி பார்த்தால் எங்கள் ஜில்லாவிலேயே சந்தோஷமான பொம்பளை என் அம்மாதான். அவரிடம் போய் இதைச் சொல்லியிருந்தால் துடைப்பத்தை எடுத்திருப்பார்.

அதே நடை, அதே கூழ், அதே வெயில். பிறகு எது குறைந்தது? வேண்டுமென்றால் நடப்பேன், வேண்டாமென்றால் படுத்துக்கொள்வேன் என்கிற உரிமை குறைந்தது. எளிய வாழ்க்கையைத் தேர்ந்தெடுக்கிறவனுக்கு அது சுகம். தலையில் சுமத்தப்பட்டவனுக்கு அது தண்டனை. வயிறு நிறைந்தவன் நமக்கு எளிமையைப் போதிப்பது இந்த நாட்டில் ரொம்பப் பழைய மோசடி.

ஆனால் அம்மாவுக்குச் சந்தோஷமே கிடையாது என்று சொன்னால் அதுவும் பொய். மழை விட்ட ராத்திரிகளில் சேரிப் பெண்கள் கூட்டமாக லாந்தரை எடுத்துக்கொண்டு வயலுக்கு நண்டு பிடிக்கப் போவார்கள். அவர்கள் சிரிக்கிற சத்தம் எங்கள் தெரு வரைக்கும் கேட்கும். ஆயா அந்த நண்டை அம்மியில் இடித்து ரசம் வைக்கும். மூக்கில் தண்ணி வர நாங்கள் குடிப்போம். ஆண்டையின் கண் படாத நேரம் அந்த ராத்திரி மட்டும்தான். அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் அவர்கள் ஒரு வாழ்க்கையை உண்டாக்கினார்கள். 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு'வைப் படித்தவர்களுக்குத் தெரியும். அதில் அவமானம் இருக்கிற அளவுக்குப் பிள்ளைகளின் விளையாட்டும் தீனியும் திருவிழாவும் இருக்கிறது. அழுகையை மட்டுமே நம் இலக்கியம் என்று நினைப்பவர்கள் நம்மை முழுசாகப் பார்க்காதவர்கள்.

இப்போது தண்ணீருக்கு வருவோம். தாகத்துக்கு ஒரு கை தண்ணீர். இதைவிட எளிய இன்பம் உலகத்தில் உண்டா? பள்ளிக்கூடத்தில் தண்ணீர்க் குழாயைத் தொடக் கூடாது என்பதால், பியூன் வந்து திறந்துவிட்டால்தான் அம்பேத்கர் குடிக்க முடிந்தது. பியூன் இல்லாத நாளில் தண்ணீர் இல்லை. அந்தப் பையன்தான் வளர்ந்து 1927 மார்ச் 20ஆம் தேதி மகாடில் சவுதார் குளத்தில் இறங்கிக் கையால் தண்ணீரை அள்ளிக் குடித்தார். பின்னால் ஆயிரக்கணக்கான பேர் குடித்தார்கள். சாதி இந்துக்கள் அடித்தார்கள், குளம் தீட்டாகிவிட்டது என்று சாணியும் கோமியமும் ஊற்றிச் 'சுத்தம்' செய்தார்கள், வழக்குப் போட்டார்கள். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நம் பக்கம் தீர்ப்பு வர 1937 ஆனது. ஒரு கை தண்ணீருக்குப் பத்து வருஷம். அதோடு முடிந்ததா? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அந்த ஊர்ப் பிள்ளைக்கு ஒரு டம்ளர் தண்ணீரை நிம்மதியாகக் குடிப்பது எளிய இன்பமா, சொல்லுங்கள்.

அடுத்து, காற்று வாங்க வெளியே போவது. 1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி வெள்ளை வேட்டி, தலைப்பாகையோடு வில்வண்டியில் ஏறிப் பொதுச் சாலையில் போனார். சாதாரணமாகப் பார்த்தால் ஒரு மனுஷன் வண்டியில் போகிறான், அவ்வளவுதான். அதற்கே அடிதடி நடந்தது. 1924இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் பொதுச் சாலையும் கிணறும் குளமும் எல்லாருக்கும் பொது என்றது. காகிதத்தில் பொதுவானது. உத்தப்புரத்தில் நம் மக்கள் வழியை மறித்து நின்ற சுவரில் ஒரு பகுதியை இடிக்க 2008 மே மாதம் வரை ஆனது.

எங்கள் ஊரில் ஊர்த்தெரு வழியாகச் செருப்போடு போக முடியாது, சைக்கிளில் உட்கார்ந்து போக முடியாது. கழனிக் கிணற்றில் சித்திரை வெயிலுக்கு ஊர்ப் பசங்கள் குதித்துக் குதித்து நீந்துவார்கள். நாங்கள் மேலே நின்று பார்ப்போம். அவர்கள் மாடு நீந்தினால் தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது, நாங்கள் இறங்கினால் தீட்டு. நான் நீச்சல் கற்றுக்கொண்டபோது எனக்கு வயது இருபத்தாறு. தண்ணீரில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்த அன்றைக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இருபது வருஷமாக என்னிடமிருந்து எதைத் திருடியிருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். கம்பு, கேழ்வரகு, சோளம் நம் அடுப்பில் கொதித்த காலத்தில் அது 'பறச்சோறு'. கூழ் குடிக்கிறவன் என்பது வசவு. ஐ.நா. சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. இப்போது அதே கேழ்வரகு கண்ணாடிக் கடையில் அழகான பாக்கெட்டில் உட்கார்ந்திருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, தீட்டிய அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. ஆயாவின் எலும்பைத் தாங்கியது எது என்று இப்போது ஆராய்ச்சி சொல்கிறது. தானியத்துக்கு மரியாதை வந்துவிட்டது. அதை விளைவித்துக் குடித்த மனுஷிக்கு வந்ததா?

கறிக்கும் இதே கதைதான். மகாடில் 1927இல் பேசும்போது செத்த மாட்டு இறைச்சியைத் தின்பதை விடச் சொன்னார் அம்பேத்கர். அது அடிமைக்கு வீசியெறிந்த கூலி, அதை விட்டதுதான் சரி. ஆனால் காசு கொடுத்து வாங்கிய நல்ல மாட்டுக்கறியை மிளகு போட்டு வறுத்து, மிச்சத்தை உப்புக்கண்டம் போட்டு வெயிலில் காயவைத்து, அடைமழையில் சுட்டுத் தின்றது நம் ருசி, நம் சத்து. கல்லூரியில் டிபன் பாக்ஸ் மூடியைப் பாதி திறந்துகொண்டு சாப்பிட்டவர்கள் இங்கே எத்தனை பேர்? நானும் அப்படித்தான் சாப்பிட்டேன். மணம் வெளியே போய்விடுமோ என்று பயந்து விழுங்கினால் எந்தச் சத்தான உணவும் உடம்பில் ஒட்டாது. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் நம் சாதிப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று தகராறு செய்தார்கள். அவர்களுக்குச் சோறு முக்கியமில்லை, கைதான் முக்கியம்.

நல்ல சோறு கடையிலிருந்து வருவதில்லை, மண்ணிலிருந்து வருகிறது. செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த திரமென்கீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் நமக்கு ஒதுக்கப்பட்டது பஞ்சமி நிலம். இன்றைக்கு அதில் எவ்வளவு நம் கையில் இருக்கிறது? காரணை நில மீட்புப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10இல் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் செத்தார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை, ஒரு பாத்தி கீரை, நாலு கோழி வைக்க இடம் இருந்தால் ஒரு பிள்ளையின் முகம் மாறிவிடும். இரண்டரை சென்ட் தொகுப்பு வீட்டில் முருங்கையை எங்கே நடுவது? தம்பி, நீங்கள் கேட்ட பஞ்சமி நிலம் இங்கேதான் வருகிறது.

எதிரியைப் பற்றிப் பேசியாயிற்று. நம்மைப் பற்றியும் பேச வேண்டும். இயக்கத்தில் நாம் எப்படி வாழ்கிறோம்? காலையில் டீ, மதியம் டீ பீடி, ராத்திரி கூட்டம் முடிந்து கிடைத்தால் பரோட்டா. நாற்பது வயதில் அல்சர், சர்க்கரை. பிள்ளை என்ன வகுப்புப் படிக்கிறது என்று கேட்டால் யோசிக்கிறோம். விடுதலை வந்த பிறகு வாழ்ந்துகொள்ளலாம் என்று தள்ளிவைக்கிறோம். நானும் இருபது வருஷம் இப்படித்தான் இருந்தேன். இதைத் தியாகம் என்று சொல்ல எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. நம் உடம்பு ஓய்வுக்கு ஏற்றதல்ல, உழைக்கத்தான் லாயக்கு என்று மனு சொன்னதை நாமே நம் உடம்பில் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறோம்.

அம்பேத்கரைவிட அதிகம் உழைத்தவர் யார்? அவர் பம்பாய் தாதரில் புத்தகங்களுக்காகவே பார்த்துப் பார்த்து 'ராஜகிருகம்' கட்டினார். பிற்காலத்தில் வயலின் கற்றுக்கொண்டார். 1942இல் நாகபுரியில் பேசியபோது இந்தப் போராட்டமே தனக்கு மகிழ்ச்சி தருவது என்றார். மனுஷத் தன்மையை மீட்கிற வேலையை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு செய்ய வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. இப்போது மணி பன்னிரண்டரை. பின்னால் கறிக்குழம்பு மணம் வருகிறது, எல்லாருக்கும் பசிக்கிறது. திரும்பிப் பாருங்கள். அடுப்பங்கரையில் நாலு பெண் தோழர்கள் காலையிலிருந்து புகையில் நிற்கிறார்கள். அவர்களும் பயிலரங்குக்கு வந்தவர்கள்தான். இந்த உரையில் ஒரு வரிகூட அவர்கள் கேட்கவில்லை. நமக்கு மரத்தடி, அவர்களுக்கு அடுப்பா? ஆண்டை நம் அம்மாவுக்குச் செய்ததை நாம் இவர்களுக்குச் செய்கிறோம்.

அதனால் இன்றைக்கே ஒரு ஏற்பாடு. சாப்பிட்ட பாத்திரத்தை ஆண்கள் கழுவுகிறோம். சாயங்காலம் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் நாங்கள் கிளறுகிறோம். களி கட்டி தட்டினால் மன்னித்துச் சாப்பிடுங்கள். அந்த நேரத்தில் பெண் தோழர்கள் அத்தனை பேரும் ஏரிக்கரைக்குப் போய் உட்காருங்கள். பேசுங்கள், பாடுங்கள், சும்மாவும் இருங்கள். யாரும் கூப்பிட மாட்டோம்.

ஜெய்பீம்.