கற்றவரை ஊரில் நிறுத்துவது எப்படி?



மழை பொய்த்தால் ஒரு போகம் கெடும். வைத்தியரும் பொறியியலாளரும் விவசாயப் போதனாசிரியரும் ஊரைவிட்டு அகன்றால் ஒரு தலைமுறையே கெடும். ஒருவரை வைத்தியராக்கப் பல்கலைக்கழகத்திலே 5 ஆண்டுகளும், அதன்பின் உள்ளகப் பயிற்சியில் ஓராண்டும் செல்லுகின்றன. அச்செலவைப் பொதுமக்களே தாங்குகின்றனர். நாம் நீரிறைத்து வளர்த்த பயிரைப் பிறர் அறுவடை செய்கின்றனர்.

2022ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்திலே இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைத்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலரின் விலை, சில மாதங்களுள் 360 ரூபா வரை ஏறிற்று. அரச ஊழியர் சம்பளமற்ற லீவிலே 5 ஆண்டுவரை வெளிநாடு சென்று உழைப்பதற்கு அரசாங்கமே அனுமதி வழங்கிற்று. பிள்ளைகளின் எதிர்காலத்தை எண்ணிப் போனவரை நாம் குறைகூறோம். ஆயின், போனவர் அனைவரும் பணத்துக்காகவே போயினரா? இவ்வினாவை நாம் ஆராய்ந்தேயாக வேண்டும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே 1980ஆம் ஆண்டை ஒட்டித் தாதியருக்குப் பெரும் பஞ்சம் உண்டாயிற்று. 'தாதியர் ஏன் போகின்றனர்?' என்று எல்லாரும் வினவிக்கொண்டிருக்க, அந்நாட்டின் தாதியர் கலைக்கழகம் வினாவை மறுபுறம் திருப்பிற்று: 'சில வைத்தியசாலைகளில் மட்டும் அவர்கள் ஏன் நிலைத்து நிற்கின்றனர்?' 163 வைத்தியசாலைகளை ஆராய்ந்து, அவற்றுள் 41ஐத் தெரிந்தெடுத்து, 1983இல் முடிவை வெளியிட்டது. இரும்பைக் காந்தம் ஈர்ப்பதுபோலத் தாதியரை ஈர்த்தமையால் அவை 'காந்த வைத்தியசாலைகள்' என்று பெயர் பெற்றன.

அங்கே கண்டது என்ன? தாதியர் தலைவிக்கு மேல்நிருவாகத்தில் இடமிருந்தது. ஒவ்வொரு பிரிவின் காரியங்களும் அப்பிரிவிலேயே தீர்மானிக்கப்பட்டன. நோயாளரைப் பராமரிப்பதிலே தாதியின் அறிவுக்கு மதிப்பிருந்தது. போதிய ஆள்பலமும், வசதிக்கேற்ற வேலைநேரமும், மேற்கல்விக்கு வாய்ப்பும் இருந்தன.

இதற்கு முன்னரே, 1959இல், ஹேர்ஸ்பேர்க் என்னும் உளவியல் அறிஞரும் அவர்தம் தோழர்களும் பிற்ஸ்பேர்க் நகர்ப்புறத்திலே ஏறத்தாழ 200 பொறியியலாளரையும் கணக்காளரையும் விசாரித்துத் தம் முடிவை நூலாக்கினர். வெறுப்பை விளைப்பவை வேறு, ஊக்கத்தை விளைப்பவை வேறு என்றனர். குறைந்த சம்பளமும் தொல்லைதரும் நிருவாகமும் மனக்கசப்பை உண்டாக்கும்; அவற்றைச் சீர்செய்தால் கசப்பு நீங்குமேயன்றி ஊக்கம் பிறவாது. காரியத்தைச் சாதித்த நிறைவு, அதற்குரிய மதிப்பு, பொறுப்பு, உயர்ச்சி ஆகியவையே ஊக்கத்தைப் பிறப்பிக்கும். இம்முடிவை மறுத்தோரும் உளர். வெற்றிக்குத் தன்னையும் தோல்விக்குப் பிறரையும் காரணங் காட்டுவது மனித இயல்பு அன்றோ என்று அவர்கள் கேட்டனர். எனினும் கமக்காரருக்கு இதன் உட்பொருள் புதிதன்று. கூலிக்கு வெட்டுபவன் வாய்க்காலை அளந்து வெட்டுவான்; விளைச்சலிற் பங்குள்ளவன் தண்ணீர் போகும் திசை பார்த்து வெட்டுவான்.

பசித்தவனுக்குப் பொன்னாடை போர்த்துவதால் பயனில்லை. ஆகவே வாழ்வதற்குப் போதிய சம்பளம் முதலில் வேண்டும். அதனை நிர்ணயிக்கும் அதிகாரம் நம் கையில் இல்லாதிருக்கலாம். நம் கையில் உள்ளவற்றையாயினும் நாம் செய்தோமா?

திணைக்களத் தலைவர்களே! இடமாற்ற விதிகளை யாவரும் அறிய முன்கூட்டியே வெளியிட்டு, ஆளுக்கோர் நீதி என்னும் பேச்சுக்கு இடமறுத்து விடுங்கள். வயலில் நிற்கவேண்டிய போதனாசிரியரைப் படிவங்களுக்குள் புதைக்காதீர்கள். சிறந்த பொறியியலாளர் உயர்ச்சி பெறுவதற்காகத் தம் தொழிலைக் கைவிட்டு நிருவாகியாக வேண்டியுள்ள நிலையை மாற்ற வழி தேடுங்கள். தொழிலில் நின்றபடியே உயர ஒரு படியமையுங்கள்.

கூட்டுறவுச் சங்கத்தாரே! கணக்காளரும் முகாமையாளரும் கூறும் ஆலோசனையைக் கேளுங்கள். ஏற்க முடியாதாயின் காரணத்தைக் கூறுங்கள். படித்தவரை நியமித்துவிட்டு அவர் கையைக் கட்டிவைப்பது, ஏரைப் பூட்டிவிட்டு எருதின் காலைக் கட்டுவது போன்றதாகும்.

கமக்காரப் பெருமக்களே! தூரத்திலிருந்து வந்த வைத்தியருக்கு நல்ல குடியிருப்பும், பிள்ளைக்குப் பாடசாலையும் கிடைத்தனவா என்று விசாரியுங்கள். போதனாசிரியர் சொற்படி நட்ட பயிர் விளைந்தால் அதனை அவரிடமே சென்று சொல்லுங்கள்.

பிரியாவிடைக் கூட்டத்திலே மாலை சூட்டி, வாழ்த்துப்பா வாசித்துப் புகழ்கின்றோம். அப்புகழிற் பாதியையும், 'உமக்கு என்ன குறை?' என்னும் ஒரு வினாவையும் ஓராண்டு முன்னரே அவருக்கு அளித்திருந்தால், அக்கூட்டமே வேண்டியிராது போயிருக்கலாம். இன்று நம்மோடு நிற்பவரிடம் அவ்வினாவை இன்றே கேட்போமாக!