பத்தினி வரும் வரைக்கும்



கண்டி எசல பெரஹரா ஊர்வலத்துக்குப் போய் வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். தலதா மாளிகை யானை என்பார்கள். உண்மைதான். புத்தரின் புனித தந்தத்துக்குரிய பேழையைச் சுமந்துகொண்டு, விரித்த வெள்ளைத் துணியில் அந்தக் கொம்பன் அடியெடுத்து வைக்கும் அழகே அழகு! ஆனால் அது தாண்டியதும் பாதிச் சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறதே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பின்னால் வருவது யார் யார் தெரியுமா? நாத தெய்வம், விஷ்ணு, கதிர்காமக் கந்தன், கடைசியாகப் பத்தினித் தெய்வம். பத்தினி யார்? நம்முடைய கண்ணகி! அவளுக்குச் சேரன் செங்குட்டுவன் எடுத்த விழாவில் இலங்கைக் கயவாகு மன்னனும் இருந்தான் என்கிறது சிலப்பதிகாரம். அவளுடைய சிலம்பை இங்கே கொண்டுவந்தவனும் அவனே என்கிறது சிங்கள மரபு.

இந்தத் தெய்வங்கள் ஊர்வலத்தில் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவர்கள் அல்லர். ஆதியில் ஊர்வலமே அவர்களுக்குத்தான். 1753இல் சியாம் தேசத்துப் பிக்குகள் வந்த பிறகே, கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில், புனித தந்தம் முன்னுக்கு வந்தது. அந்த மன்னனும் யார்? தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர் குடும்பத்தவன்!

இந்தத் தெய்வங்களோடு வருகிறவர்களின் உடுப்பையும் சொல்ல வேண்டும். சாட்டை சொடுக்குகிறவர்கள் வழிவிடச் செய்ய, கொப்பறாப் பந்தம் புகைய, ஒவ்வொரு தேவாலயத்தின் பொறுப்பாளரான நிலமேயும் தன் தன் அணியோடு வருகிறார். இடுப்பில் கெசக் கணக்கில் சுற்றிய துணி, தோளில் உப்பிய கைச்சட்டை, தலையில் நாற்கோணத் தொப்பி. அதைக் கட்டிக்கொண்டு வேகமாக நடக்கவே முடியாது. அரசனுடைய ஆள் அவசரப்படக் கூடாது என்பதற்காகவே தைத்த உடுப்போ என்று எனக்குத் தோன்றும்!

கதிர்காம அணி வந்தால் காவடி ஆடும். பத்தினி அணியில் பெண்கள் ஆடி வருவார்கள். ஆடிவேல் விழாவுக்குக் கொழும்பு காலி வீதியில் கால்கடுக்க நிற்கிற நாம், கண்டியில் கண்ணகிக்காக இன்னும் ஒரு மணித்தியாலம் நிற்க மாட்டோமா?

வருகிற எசலவுக்குப் போகிறவர்கள் கடைசி யானை கடக்கும் வரைக்கும் இருங்கள். பிள்ளைகளுக்குக் கைகாட்டி, "அதோ நம்ம கண்ணகி" என்று சொல்லிக் கொடுங்கள்.