தொலைவிலிருந்து காணும் திருவிழா

மூணாற்றுக்கு அருகே உள்ள பள்ளிவாசல், 1940-ஆம் ஆண்டில் இன்றைய கேரளத்தின் முதல் பெரிய நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய இடமாகும். அப்பகுதித் தேயிலைத் தோட்டங்களில் தமிழர் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். அத்தகைய மலையூரில் கோயில் விழா நிகழுங்கால், பிற மாநிலங்களில் பணியாற்றும் நம்மனோர்க்கு நேரலையே கண்ணும் செவியும் ஆகின்றது. தீபாராதனை வேளையில் படம் நின்றுவிடுமாயின், ஓராண்டுக் காத்திருப்பு வீணாகும்.

ஆதலின் விழாக்குழுவினர் முதற்கண் ஆராய வேண்டுவது படக்கருவியை அன்று. படம் வெளியே செல்லும் இணைய வழியையே. தெளிவான படத்திற்கு நொடிக்கு ஏறக்குறைய 6 மெகாபிட் வேகம் வேண்டும். அதனினும் இருமடங்கு இருத்தல் நலம். கூட்டம் திரண்டதும் எல்லாக் கைபேசிகளும் ஒரே கோபுரத்தை நாடுவதால், அவ்விணைப்புத் தளர்ந்துவிடும். எனவே கண்ணாடி இழைக் கம்பியை முதலாகவும், கைபேசியைத் துணையாகவும் கொள்வதே முறை. மின்சாரம் பிறந்த ஊரிலும் காற்றில் மரம் சாய்ந்தால் விளக்கு அணையும். ஆகவே இன்வெர்ட்டர் வேண்டும். நாதசுர ஒலியை மிக்சரிலிருந்து நேரே பெறல் வேண்டும். இணைப்பு அறுந்தாலும் நிகழ்ச்சி அழியாதிருக்க, அங்கேயே முழுமையாகப் பதிவு செய்துகொள்ளல் வேண்டும்.

இத்துணை செய்தும், அனுப்பியது எவ்வாறு வந்து சேர்கின்றது என்பதை அனுப்புவோர் அறியார். தொலைவில் உள்ள நாமே அறிவோம். விழாவுக்கு முன்னாள், அதே வேளையில் ஒத்திகை நடத்தச் சொல்லி, ஒலி தெளிவா, படம் தடைப்படுகின்றதா என்று தொலைபேசியில் உரைக்க நம்மில் ஒருவர் முன்வருவோமாக. வர இயலாதவரும் விழாவுக்குத் தோள் கொடுக்கும் வழி இதுவே.