பேச்சே வினையான ஒரு தொடர்
(மும்பைப் புறநகர்த் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வரும் ஞாயிறு முதல் பத்து வாரங்கள் நம் சங்க மண்டபத்தில் ‘சம்விதான்’ என்னும் தொலைக்காட்சித் தொடரைத் திரையிடச் செயற்குழுவினர் முடிவு செய்திருக்கின்றனர். அதைப் பற்றி முன்கூட்டியே சில சொற்கள் கூறுமாறு என்னைப் பணித்தார்கள். அடுத்து இசைக் கச்சேரி இருக்கிறது; ஆகவே சுருங்கவே சொல்கிறேன்.

நம் அரசியல் சட்டம் உருவான வரலாறே இத்தொடரின் கதை. ஷியாம் பெனகல் இயக்கியது. ஷமா சைதியும் அதுல் திவாரியும் எழுதியது. 2014 மார்ச்சில் தொடங்கி மாநிலங்களவைத் தொலைக்காட்சியில் பத்துப் பகுதிகளாக வெளிவந்தது. சச்சின் கேடேகர் அம்பேத்கராகவும், தலீப் தாஹில் நேருவாகவும், டாம் ஆல்டர் மௌலானா ஆசாத்தாகவும் தோன்றுகின்றனர். இதே பெனகல் 1988-இல் தூர்தர்ஷனுக்கு அளித்த ‘பாரத் ஏக் கோஜ்’ தொடரை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குக் கிடைத்த புகழ் இதற்குக் கிட்டவில்லை. திரைப்படம் ஒவ்வொன்றுக்கும் பத்தி பத்தியாக எழுதும் விமர்சகர்களிற் பெரும்பாலோர் இதைக் கண்டும் காணாமற் போயினர். அவர்களை முற்றிலும் குறை கூறுவதற்கில்லை. நாடாளுமன்றச் செய்திக்கன்றி அந்த அலைவரிசையை நாடியவர் எத்தனை பேர்? அதுவும் 2021-இல் மக்களவைத் தொலைக்காட்சியுடன் இணைக்கப்பட்டு, தன் பெயரை இழந்தது.

மற்றொரு காரணமும் உண்டு. இத்தொடரில் மனிதர்கள் எழுந்து பேசுகிறார்கள், அமர்கிறார்கள், வேறொருவர் எழுந்து மறுக்கிறார். விறுவிறுப்பை எதிர்பார்ப்பவருக்குச் சலிப்புத் தட்டலாம். ஆனால் அந்த வரலாற்றில் பேச்சைத் தவிர வேறு வினை ஏது? 1946 டிசம்பர் 9 அன்று கூடிய அரசியல் நிர்ணய சபை, 1949 நவம்பர் 26 அன்று சட்டத்தை ஏற்றது. இடையே சபையில் முன்மொழியப்பட்ட திருத்தங்கள் மட்டும் 2473. நாடு பிளந்து இரத்தம் பெருகிய அதே ஆண்டுகளில், ஒரு மண்டபத்தில் அமர்ந்து இவ்வளவு பொறுமையாக வாதிட்டார்கள் என்பதே எனக்கு வியப்பு.

நம்மவர் பங்கும் அதில் சிறிதன்று. வரைவுக் குழுவில் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் கோபாலசாமி ஐயங்காரும் இருந்தனர். கைத்தான் மறைந்தபின் டி. டி. கிருஷ்ணமாச்சாரி சேர்ந்தார். எழுவரில் பலர் பல காரணங்களால் பணியாற்ற இயலாமற்போக, வரைவின் சுமை அம்பேத்கர் ஒருவர் தோளிலேயே விழுந்தது என்று 1948 நவம்பர் 5-இல் சபையிற் கூறியவர் இந்தக் கிருஷ்ணமாச்சாரிதான்.

பத்துப் பகுதிகளுக்குள் சபையின் பேச்சு முழுவதும் அடங்காது. ஆகவே நடவடிக்கைக் குறிப்புகளிலிருந்து ஒரு நாளை மட்டும் உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். 1948 டிசம்பர் 8. தம் மொழியையும் எழுத்தையும் பண்பாட்டையும் காக்கும் உரிமை யாருக்கு என்பது விவாதம். ‘சிறுபான்மையோர்’ என்ற சொல்லை விடுத்து, ‘குடிமக்களில் எந்தப் பிரிவினரும்’ என்று ஏன் வரைந்தீர்கள் எனக் கேள்வி எழுந்தது. அம்பேத்கர் விடை கூறுகையில் ஓர் எடுத்துக்காட்டுத் தந்தார். சென்னையிலிருந்து வந்து பம்பாயிற் குடியேறியவர்கள் சட்டக் கணக்கில் சிறுபான்மையோர் ஆகாவிடினும், மொழியாலும் பண்பாட்டாலும் சிறுபான்மையோரே. அவர்களுக்கும் இக்காப்பு உண்டு என்பது அவர் கருத்து. அந்த வரைவே இன்று 29-ஆம் பிரிவாக நிற்கிறது.

நண்பர்களே, அவர் சுட்டிய மக்கள் யாவர்? மாதுங்காவிலும் தாராவியிலும் அன்று வாழ்ந்த நம் முன்னோரும் அவருள் அடங்குவர் அல்லவா! 1966-க்குப் பின் இந்நகரில் தென்னாட்டாருக்கெதிராகக் கிளர்ச்சி எழுந்தபோது, கடையை அடைத்துவிட்டு அஞ்சியிருந்தவர்கள் இந்த அவையிலும் இருக்கின்றனர். நாம் இங்கே விருந்தாளிகள், அடக்கமாக இருக்க வேண்டும் என்றே நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தோம். நல்ல அண்டை வீட்டாராக இருப்போம்; அது வேறு. ஆனால் நாம் இங்கே வசிப்பதும், மாநகராட்சித் தமிழ்ப்பள்ளி வேண்டும் எனக் கேட்பதும் எவருடைய தயவினாலும் அல்ல. இதை நம் பிள்ளைகள் தேர்வுக்கு மனப்பாடம் செய்தே அறிகிறார்கள். மனிதர்கள் வாதிட்டுப் பெற்ற உரிமை என்று கண்ணாற் காண்பது இதுவே முதன்முறையாக இருக்கும்.

தொடரின் பேச்சு பெரும்பாலும் இந்தியில் அமைந்தது. ‘இந்தியிலா?’ என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் முகஞ்சுளிப்பது தெரிகிறது. ஐயா, ஆட்சிமொழி பற்றி 1949 செப்டம்பரில் அச்சபை மூன்று நாள் வாதாடியது. எண்களின் வடிவத்திற்குக்கூடச் சென்னை உறுப்பினர்கள் விட்டுக்கொடுக்கவில்லை; உலகம் வழங்கும் எண்களே நிலைத்தன. அக்கதை வரும் வாரத்தில் தங்கள் முகஞ்சுளிப்புக்குத் தாராளமாக இடமுண்டு.

இந்தி விளங்காத தாய்மார்களுக்காக, ஒவ்வொரு பகுதிக்கும் முன்னர்க் கால் மணி நேரம் தமிழில் விளக்கம் கூறக் கல்லூரி மாணவியர் இருவர் இசைந்திருக்கின்றனர். மாலை ஐந்து மணிக்கு விளக்கம், ஐந்தே காலுக்குத் திரையீடு. முன்வரிசைப் பாய்கள் பிள்ளைகளுக்கு, நாற்காலிகள் மூத்தவர்களுக்கு.